மோதற் சோதனையின் வரலாறும் நம் வீதிகளில் ஓடும் மோட்டார் வண்டிகளும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய மொறிஸ் மைனர் வண்டியொன்றைப் பேணி வைத்திருக்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தால், "அக்காலத்து வண்டி இரும்பு, இக்காலத்து வண்டி தகரம்" என்னும் தீர்ப்பினை அவர் தயக்கமின்றி வழங்குவர். இத்தீர்ப்புக்குச் சான்றுகளும் அவரிடம் உள. புதிய வண்டியின் கதவை விரலால் அழுத்தினால் அது உள்வாங்குகின்றது. அதன் முகப்பிலுள்ள தாங்கி வெறும் பிளாஸ்திக்குப் போர்வை. காலி வீதி நெரிசலிற் சிறிது இடிபட்டாலும் முன்புறம் முழுவதும் நசிந்துபோகின்றது. பழைய வண்டியோ இத்தகைய இடியைக் கீறலோடு தாங்கிக்கொள்ளும். இரும்பின் தடிப்பை மாத்திரம் நோக்கினால் முதியவர் கூற்று மெய்யே. ஆயினும் வண்டி உய்வது வேறு. வண்டியினுள் இருப்பவர் உய்வது வேறு. இவ்விரண்டும் வேறென்பதை அறிஞர் உணர்வதற்கு அரை நூற்றாண்டு சென்றது. அதனை விற்பனையாளரும் அரசுகளும் ஒப்புக்கொள்வதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றையும், அதன் பயன் இலங்கையிலுள்ள நமக்கு எவ்வளவு கிட்டியுள்ளது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

முதியவரின் ஐயத்தை நேரடியாகத் தீர்த்துவைத்த சோதனையொன்று 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் என்பது அங்குள்ள காப்புறுதிக் கம்பனிகள் 1959இல் நிறுவிய அமைப்பாகும். தனது ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது அவ்வமைப்பு, 1959இல் ஆக்கப்பெற்ற செவ்ரலே பெல் எயர் வண்டியையும் 2009இல் ஆக்கப்பெற்ற செவ்ரலே மலிபு வண்டியையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டது. ஒரே கம்பனியின் இரண்டு வண்டிகள். இடையில் ஐம்பது ஆண்டுகள். பழைய வண்டி நீண்டது, அகன்றது, கண்ணுக்குக் கோட்டைபோலத் தோன்றுவது. மோதியபோது அதன் சாரதி அமர்ந்த அறையே இடிந்து உள்விழுந்தது. சுக்கானும் முகப்புப் பலகையும் சாரதியின் இடத்திலிருந்த சோதனைப் பாவையை நெருக்கின. மனிதனாயின் உயிர் தப்பியிரான். புதிய வண்டியின் முன்புறம் முற்றாக நசிந்தது. அறையோ குலையாது நின்றது. அதிலிருந்த பாவைக்குக் காலிற் சிறிது காயம் உண்டாகக்கூடிய அளவே தாக்கம் பதிவாயிற்று. நசிய வேண்டிய இடம் நசிந்தமையால் நசியலாகாத இடம் நசியாது நின்றது.

இதன் காரணம் நமது உயர்வகுப்பு மாணவர் கற்கும் இயக்கவியலிலேயே உள்ளது. மோதற் சோதனைகளிற் பெரிதும் கையாளப்பெறும் வேகம் மணிக்கு 64 கிலோமீற்றர். அஃதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 17.8 மீற்றர். உயரத்திலிருந்து வீழும் பொருளொன்று இவ்வேகத்தை அடைவதற்கு 16 மீற்றர் வீழ்தல் வேண்டும். எனவே இச்சோதனை ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து நிலத்தில் விழுவதற்கு ஒப்பாகும். விழுபவர் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகின்றார் என்பதிலேயே அவரது உயிர் தங்கியுள்ளது. வண்டியின் முன்புறம் 60 சதமமீற்றர் நசிந்து, அத்தூரத்திலே ஒருவர் சீராக நிறுத்தப்படுவாராயின் அவர் அனுபவிக்கும் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 27 மடங்கு. பட்டியாற் கட்டுண்ட மனித உடல் இதனைத் தாங்கவல்லது. கட்டுண்ணாத ஒருவரோ, வண்டி நின்றபின்னும் சடத்துவத்தினால் அதே வேகத்தோடு முன்சென்று தலையை முகப்புப் பலகையில் மோதுவர். அத்தலை ஐந்து சதமமீற்றரில் நிற்குமாயின் அமர்முடுகல் 300 மடங்குக்கும் மேலாகும். வேகம் ஒன்றே, மனிதர் ஒருவரே. நிற்கும் தூரம் மாத்திரமே வேறு.

முன்னாசனத்தில் தாயின் மடியிற் பிள்ளையை இருத்திச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் உண்டு. மேற்கூறிய கணக்கின்படி பத்துக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தையொன்று அவ்வேளையில் 270 கிலோகிராம் நிறைபோல இழுக்கும். ஐந்து அரிசி மூடைகளுக்கு மேற்பட்ட பாரத்தை, செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்துள், எந்தத் தாயின் கையும் தாங்கமாட்டாது.

இவ்வறிவு மோட்டார்த் தொழிலிலிருந்து தோன்றவில்லை. ஆகாயத்திலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. ஹியூ டிஹேவன் என்னும் அமெரிக்க இளைஞர் முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917இல், பிரித்தானிய அரச பறப்புப் படையிற் பயிற்சி பெறும்போது அவரது விமானம் மற்றொன்றோடு மோதி வீழ்ந்தது. உயிர் தப்பிய அவர், தமது வயிற்றினுள் ஏற்பட்ட காயங்களுக்கு இடுப்புப் பட்டியின் பூட்டே காரணமென்று கருதினார். பிழைப்பதும் இறப்பதும் விதிவசம் என்று மருத்துவர் கூறிய விடையோடு அவர் மனம் அமையவில்லை. பிற்காலத்தில், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து வீழ்ந்தும் பிழைத்த சிலரது வரலாறுகளைத் திரட்டி 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மண்ணோ கூரையோ சிறிது நெகிழ்ந்து கொடுத்தவிடத்து மனித உடல் வியக்கத்தக்க தாக்கங்களைத் தாங்கியமையை அதிற் காட்டினார். கோர்ணெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி பின்னர் மோட்டார் விபத்துக்களுக்கும் விரிந்தது. உடையும் பொருளைப் பெட்டியில் இட்டு அனுப்பும் வணிகன் பெட்டி திறவாதவாறும், பொருள் உள்ளே உருளாதவாறும், பெட்டியின் உட்சுவர் அதனைக் குத்தாதவாறும் கட்டுகின்றான். மனிதரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இவ்வளவு கருத்தேனும் செலுத்தலாகாதா என்பது அவர் வாதத்தின் சாரம்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை மற்றொருவர் தம் உடலிலேயே அளந்தார். அமெரிக்க வான்படை மருத்துவரான ஜோன் போல் ஸ்டப் 1954 டிசெம்பர் 10ஆம் நாள் ஏவுகணைச் சறுக்குவண்டியொன்றில் மணிக்கு 632 மைல் வேகத்தில் ஓடி, 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். அவர் தாங்கிய உச்ச அமர்முடுகல் புவியீர்ப்பின் 46 மடங்கு. கண்களில் இரத்தம் கசிந்து சில பொழுது பார்வை மங்கியதேயன்றி உயிருக்கு ஊறு நேரவில்லை. மோட்டார் விபத்தில் மக்கள் இறப்பது தாக்கம் தாங்கவொண்ணாதது என்பதனால் அன்று, வண்டியின் உள்ளமைப்பு அதனைத் தவறாகப் பங்கிடுவதனாலேயே என்னும் முடிவு இதனால் வலுப்பெற்றது.

எனினும் தொழிற்சாலைகள் இதுபற்றி ஒன்றும் அறியாதிருந்தன என்று கொள்ளல் தகாது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனி 1934இலேயே வண்டிகளைத் தடுப்பில் மோதவிட்டுச் சோதித்தது. டைம்லர்-பென்ஸ் கம்பனியிற் பணிபுரிந்த பேலா பாரெனி என்னும் பொறியியலறிஞர், முன்னும் பின்னும் நசியக்கூடியதாயும் நடுவறை உறுதியுடையதாயும் வண்டியை அமைக்கும் முறைக்கு 1951இற் காப்புரிமை கோரினார். 1959 இவ்வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு. பாரெனியின் முறைப்படி அமைந்த மேர்சிடஸ் வண்டி அவ்வாண்டில் வெளிவந்தது. அக்கம்பனி அதே ஆண்டு செப்டெம்பரில் சிண்டல்பிங்கனில் தனது முதலாவது மோதற் சோதனையை நடத்தியது. சுவீடனிலே வொல்வோ கம்பனியின் நில்ஸ் போலின், இடுப்பையும் மார்பையும் ஒருங்கே பிணிக்கும் மூன்று முனை ஆசனப்பட்டியை அவ்வாண்டிலேயே விற்பனை வண்டிகளிற் பொருத்தச் செய்தார். வொல்வோ அதன் காப்புரிமையைப் பிற கம்பனிகளும் பயன்படுத்துமாறு விட்டுக்கொடுத்தமை பாராட்டுக்குரியது. இங்கிலாந்தின் மினி வண்டி பிறந்ததும் அவ்வாண்டே. இந்தச் சிந்தனை எதுவும் அதனைத் தீண்டியதாகத் தெரியவில்லை.

ஆகவே அறிவும் இருந்தது, கருவியும் இருந்தது. பொதுமக்களுக்கு மாத்திரம் செய்தி இல்லை. எந்த வண்டி எவ்வாறு நசியும் என்பது தொழிற்சாலையின் மதிலுக்குள் அடங்கிய இரகசியமாய் இருந்தது. றால்ப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் அமெரிக்காவில் எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாக 1966இற் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1979இல் அமெரிக்க அரசு வண்டிகளை மணிக்கு 35 மைல் வேகத்திற் சுவரில் மோதவிட்டு, முடிவுகளை வண்டியின் பெயரோடு வெளியிடத் தொடங்கிற்று. சட்டம் வகுத்தது ஆகக்குறைந்த தரத்தை. வெளியீடு உண்டாக்கியதோ போட்டியை. எமது கருத்தில் இவ்வரலாற்றின் திருப்பம் இதுவே. பொறியியலாளரின் திறனைக் காட்டிலும், முடிவை ஒளிக்கவியலாத நிலையே வண்டிகளை விரைந்து திருத்தியது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. யூரோ என்காப் என்னும் அமைப்பு 1997 பெப்ரவரியில் தனது முதற் சோதனை முடிவுகளை வெளியிட்டது. தராதரம் மிகக் கடுமையானது, நான்கு நட்சத்திரம் எந்த வண்டிக்கும் எட்டாக்கனி என்று உற்பத்தியாளர் முறையிட்டனர். சில மாதங்களுக்குள் வொல்வோ எஸ்40 அதனை எட்டிற்று. 2001இல் றெனோ லகூனா ஐந்தையும் பெற்றது. முதற் சோதனையில் ஒரே நட்சத்திரம் பெற்ற றோவர் 100 அவ்வாண்டு முடியுமுன்னரே உற்பத்தியினின்றும் நீங்கிற்று.

சோதனை நடக்கும் முறையையும் சிறிது அறிதல் வேண்டும். வண்டியை 64 கிலோமீற்றர் வேகத்தில் இழுத்துச் சென்று, நசியுந் தன்மையுள்ள அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பொன்றில் அதன் முகப்பின் 40 சதவீதம் மாத்திரம் படுமாறு மோதவிடுவர். எதிரே வரும் வண்டியை விலக்க முயன்றும் முடியாது போன சாரதியின் நிலையை இது ஒக்கும். ஆசனங்களிலிருக்கும் பாவைகள் விலாவும் முழங்காலும் கழுத்தும் உடையன. உள்ளே பொருத்திய கருவிகள் தலையின் அமர்முடுகலையும் மார்பின் அமுக்கத்தையும் துடையெலும்பிற் படும் விசையையும் அளப்பன. பெரிதும் பயன்படும் பாவை 78 கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஆணின் வடிவமாகும். அத்தடுப்போடு மோதுவது, தன்னையொத்த திணிவுடைய வண்டியோடு மோதுவதை ஒக்கும் என்பதையும் மனங்கொள்க. ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறு வண்டி, ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரு வண்டியோடு நேருக்கு நேர் மோதுமாயின் இருவரும் சமமாக உய்வர் என்று எவரும் உறுதி கூறவில்லை.

இனி நமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டை நோக்குவாம். குளோபல் என்காப் என்னும் அமைப்பு இந்தியாவில் விற்கப்பெற்ற ஐந்து சிறு வண்டிகளைச் சோதித்து 2014 சனவரியில் முடிவுகளை வெளியிட்டது. மாருதி சுசுக்கி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹியூண்டாய் ஐ10, போர்ட் பிகோ, வொக்ஸ்வாகன் போலோ என்னும் ஐந்தினதும் காற்றுப்பையில்லாத வகைகள் சோதிக்கப்பெற்றன. வளர்ந்தோர் பாதுகாப்பில் ஐந்தும் பெற்றவை பூச்சிய நட்சத்திரங்கள். மணிக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில் நடத்தப்பெறும் ஐக்கிய நாடுகளின் அடிப்படைச் சோதனையிலும் ஒன்று தவிர ஏனையவை தவறின. இவற்றுள் ஐ10 ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலையிலும், பிகோ செங்கற்பட்டுப் பகுதி மறைமலைநகரிலும் ஆக்கப்பெற்றவை. தமிழ்நாட்டு மண்ணிற் பிறந்த இவ்விரு வண்டிகளும் ஒரே பூச்சியத்தைப் பெற்றனவாயினும் அவற்றிடையே பெரிய வேறுபாடு இருந்தது. பிகோவின் உடலமைப்பு குலையாது நின்றது. அதற்குக் காற்றுப்பை பொருத்தினாற் பயன் விளையும். ஐ10, ஆல்ட்டோ, நானோ ஆகியவற்றின் உடலமைப்போ இடிந்தமையால், அவற்றுக்குக் காற்றுப்பை பொருத்தினும் பெரும்பயன் இராது என்று சோதித்தோர் கூறினர். போலோவின் இரு காற்றுப்பைகள் கொண்ட வகை தனியே சோதிக்கப்பெற்று நான்கு நட்சத்திரம் பெற்றமை இக்கூற்றை மெய்ப்பித்தது. காற்றுப்பை என்பது உறுதியான அறைக்கு வாய்த்த துணை. இடிந்த அறைக்கு அது ஈடாகாது.

அவ்வேளை தொழிற்றுறையினர் கூறிய மறுப்பு, இந்திய வீதிகளில் வண்டிகள் மெதுவாகவே ஓடுகின்றன என்பது. சராசரி வேகம் குறைவாயிருக்கலாம். மனிதர் சராசரி வேகத்தில் இறப்பதில்லை. எவ்வாறாயினும் விளைவு விரைந்து தோன்றிற்று. முன்மோதற் சோதனை 2017 ஒக்டோபரிற் புதிய வகைகளுக்கும் 2019 ஒக்டோபரில் எல்லா வகைகளுக்கும் கட்டாயமாயிற்று. 2018 டிசெம்பரில் டாட்டா நெக்ஸன் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்திய வண்டியாயிற்று. 2023 ஒக்டோபரில் பாரத் என்காப் என்னும் இந்தியாவின் சொந்த மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. பூச்சியம் பெற்ற ஆல்ட்டோவை ஆக்கிய அதே கம்பனியின் டிசையர் வண்டி 2024இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பொறியியலறிவு பத்தாண்டுகளுக்குள் புதிதாய்ப் பிறந்துவிடவில்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் வண்டிகளில் அவ்வறிவு முன்னரே பயன்பட்டு வந்தது.

இலங்கையின் நிலை இவ்விரண்டினும் வேறானது. நாம் வண்டிகளை மோதவிட்டுச் சோதித்து மதிப்பிடும் நாட்டினர் அல்லேம். பிறர் சோதித்த வண்டிகளை வாங்குவோர். யப்பானிலிருந்து வரும் பயன்படுத்திய வண்டிகளும் இந்தியாவிலிருந்து வரும் புதிய வண்டிகளும் நம் வீதிகளில் அருகருகே ஓடுகின்றன. இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவாக்குதல் வேண்டும். ஆல்ட்டோ என்னும் பெயரில் யப்பானில் ஒரு வண்டியும் இந்தியாவில் வேறொரு வண்டியும் ஆக்கப்பெறுகின்றன. வகன் ஆர் என்னும் பெயருக்கும் அவ்வாறே. பெயரும் சின்னமும் ஒன்று. உடலமைப்பு வேறு, காற்றுப்பைகளின் தொகை வேறு, சோதனை முடிவும் வேறு. இந்தியாவில் ஆக்கப்பெற்ற வகன் ஆர் 2023ஆம் ஆண்டுச் சோதனையில் ஒரே நட்சத்திரம் பெற்றது. அதனைக் காட்டி யப்பானிய வகன் ஆரைப் பழிப்பதும் பிழை. யப்பானிய வண்டியின் மதிப்பைக் காட்டி இந்திய வண்டியை விற்பதும் பிழை. நட்சத்திரம் பெயருக்கு உரியதன்று; குறித்த நாட்டில், குறித்த ஆண்டில், குறித்த உபகரணங்களோடு சோதிக்கப்பெற்ற வண்டிக்கு உரியது. ஆண்டும் முக்கியம், 1997இல் நான்கு நட்சத்திரம் பெற்ற வண்டி இன்றைய தராதரத்தில் அவ்விடத்தைப் பெறமாட்டாது.

சட்டம் நம்மிடையே மெதுவாகவே நடந்தது. முன்னாசனத்தோர் பட்டி அணிதல் 2011 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் கட்டாயமாயிற்று. போலின் பட்டியைக் கண்டு அப்போது 52 ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த மாதமே தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பெற்று, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் சட்டப்படி அனுமதிக்கப்பெற்றது. அதிவேக நெடுஞ்சாலையிற் செல்லும் எல்லோரும் பட்டி அணிதல் வேண்டுமென்பது 2025இலேயே விதியாயிற்று. இறக்குமதியாகும் வண்டிகளிற் காற்றுப்பையும் மூன்று முனைப் பட்டியும் ஏ.பி.எஸ். தடுப்பும் இருத்தல் வேண்டுமென்னும் விதி 2018இல் வந்தது. 2020 மார்ச்சில் இறக்குமதியே நிறுத்தப்பெற்று, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், விதிக்கு முந்திய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. பூச்சியம் பெற்ற வகையைச் சேர்ந்த வண்டியொன்று, அது புதிதாயிருந்த காலத்து விலையிலும் மிகுந்த விலைக்கு விற்கப்பெற்ற விந்தையை நம் காலத்திற் கண்டோம்.

நூறு கிலோமீற்றர் வேகம் என்பதன் பொருளையும் கணக்கிற் காண்போம். இயக்கப்பண்புச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகித சமமாதலால், 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியின் சத்தி 64 கிலோமீற்றர் வேகத்திலிருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வீழ்ச்சியின் உயரம் 16 மீற்றரிலிருந்து 39 மீற்றராகின்றது. சோதனைக்கூடத்தில் ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டியும் இதற்கென அமைக்கப்பெற்றதன்று.

பாவைகளைப் பற்றிய குறையும் சிறிதன்று. அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, பட்டியணிந்த பெண் சாரதிகள் கடுங்காயம் அடையும் வாய்ப்பு ஆண்களினும் 47 சதவீதம் மிகுதி எனக் கண்டது. சராசரிப் பெண்ணின் உடலமைப்பைக் கொண்ட பாவை அண்மையிலேயே சுவீடனில் உருவாயிற்று. 1990களில் மிகுவிசையோடு விரிந்த காற்றுப்பைகளால் அமெரிக்காவிற் சிறுவரும் குறுகிய உருவினரான மகளிரும் இறந்தமையும், அதன்பின் விசை குறைக்கப்பெற்றமையும் வரலாறு. சுக்கானை அணுகி அமர்ந்து ஓட்டும் நம் நாட்டு மகளிர் பலருக்கு இச்செய்தி அயலார் கதையன்று. காற்றுப்பைக்கும் மார்புக்கும் இடையே 25 சதமமீற்றருக்குக் குறையாத இடைவெளி இருக்குமாறு ஆசனத்தைப் பின்தள்ளிக்கொள்ளல் நன்று.

மேலும், இந்நாட்டு வீதிகளில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் இறப்போர் தொகை இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்டது. அவர்களுட் பெரும்பாலார் கார்களினுள் இருந்தவரல்லர். மோட்டார் சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளுமே மிகுதி. முச்சக்கர வண்டியில் நசியத்தக்க முகப்பும் இல்லை, உறுதியான அறையும் இல்லை. இதனை நோக்கின், கார்களின் நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சி செல்வர்க்கு உரியதென ஒருவர் கூறக்கூடும். யூரோ என்காப் தொடக்கத்திலிருந்தே பாதசாரியைத் தாக்கும் முகப்பின் தன்மையையும் சோதித்து வருகின்றது என்பதை அவர் அறிதல் வேண்டும். வெளியே நடப்பவனின் தலை படும் இடமும் நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும் என்பது அதே இயக்கவியல்.

டிஹேவன் தமது ஆராய்ச்சியை விலையுயர்ந்த சோதனைக்கூடத்திற் தொடங்கவில்லை. வீழ்ந்து பிழைத்தவர்களின் வரலாறுகளிலிருந்தே தொடங்கினார். காலி வீதியின் தென்பகுதியிற் காயமுற்றோர் கொண்டுவரப்பெறும் இடங்களுள் ஒன்று களுபோவிலவிலுள்ள கொழும்புத் தெற்குப் போதனா வைத்தியசாலை. அதே வீதியிற் சில கிலோமீற்றர் தெற்கே, கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் எந்திரவியற் பீடம் உள்ளது. மருத்துவம் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவரும் எந்திரவியல் பயிலும் ஒருவரும் கூடி, உரிய அனுமதியோடும் பெயர்களை நீக்கியும், ஓராண்டுக் காயங்களைத் தொகுப்பாராயின் அவர்கள் கேட்கவேண்டிய வினாக்கள் இவை: வண்டி எந்த நாட்டில் எந்த ஆண்டில் ஆக்கப்பெற்றது, காயமுற்றவர் எந்த ஆசனத்தில் இருந்தார், பட்டி அணிந்திருந்தாரா, காற்றுப்பை இருந்ததா, இருந்தும் விரிந்ததா, முன்னொரு விபத்தின்பின் அது மாற்றப்பெற்றதா, அவர் அமர்ந்த அறை குலைந்ததா, நின்றதா.